பரணில் கிடைத்த போர்ப் பதக்கங்கள்: பெங்களூருத் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அல்சூர், மர்பி டவுன், ஜோகுபாளையம், ஆஸ்டின் டவுன், சிவாஜிநகர் ஆகிய பகுதிகளில் மூன்று நான்கு தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ பட்டாளத்தில் இருந்திருப்பார். பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி எழுப்பும்போதோ, பெரியவர் காலமான பின் அவருடைய இரும்பு டிரங்குப் பெட்டியைத் திறக்கும்போதோ பதக்கங்கள் வெளியே வருகின்றன. அவற்றை அடையாளம் காண்பது, பாதுகாப்பது, உரியவரின் வரலாற்றைத் தேடுவது ஆகியவை பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்பட்டுள்ளன.

பெட்டியில் பதக்கங்கள் கிடைத்துள்ளன. முதலில் என்ன செய்ய வேண்டும்?

எதையும் துடைக்கக் கூடாது. எதையும் பிரித்தெடுக்கவும் கூடாது. பெட்டியில் இருந்த நிலையிலேயே முதலில் புகைப்படம் எடுங்கள். பிறகு ஒவ்வொரு பதக்கத்தையும் முன்புறம், பின்புறம், விளிம்பு என மூன்று பக்கமும் எடுங்கள். விளிம்பைச் சன்னல் ஓரத்தில் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி எடுத்தால் தேய்ந்துபோன எழுத்துகளும் தெரியும். எந்தப் பதக்கம் எதனோடு ஒரே ஊசிப்பட்டையில் தைக்கப்பட்டிருந்தது, எந்த வரிசையில் இருந்தது என்பதை எழுதிவையுங்கள்.

பதக்கத்தைவிட அதனோடு கிடக்கும் காகிதங்களே பல சமயங்களில் அதிகம் பேசும். டிஸ்சார்ஜ் புத்தகம் (படையிலிருந்து விலகும்போது தரப்படும் ஏடு), சம்பளப் புத்தகம், ஓய்வூதிய ஆணை, பழைய தபால் உறை, தோள்பட்டையில் குத்தும் பித்தளை எழுத்துகள், தொப்பிச் சின்னம், பொத்தான்கள் என எதையும் குப்பை என்று ஒதுக்க வேண்டாம். அதே வாரத்தில் குடும்பத்தின் மூத்தவரிடம் உட்கார்ந்து, அவருக்கு நினைவிருப்பதைக் கைப்பேசியில் பதிவுசெய்துகொள்ளுங்கள். "பஸ்ராவுக்குப் போனாராம்", "பர்மாவிலிருந்து நடந்தே வந்தாராம்" என்பவை போன்ற ஒற்றை வரிகள்கூடப் பின்னால் ஆவணத் தேடலுக்குத் திசை காட்டும்.

வெள்ளிப் பதக்கம் கறுத்துவிட்டது. பாலிஷ் போட்டால் என்ன தவறு?

இதுதான் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி. மிக அதிகமான சேதம் நேர்வதும் இதனால்தான். திருடனிடம் பறிகொடுத்த பதக்கங்களைவிட, அன்போடு தேய்த்துத் தேய்த்து முகம் அழிந்துபோன பதக்கங்களே அதிகம் என்று சொல்லலாம்.

கறுப்பு என்பது அழுக்கு அன்று. காற்றிலுள்ள கந்தக வாயுக்களோடு வெள்ளி சேர்வதால் உண்டாகும் வெள்ளி சல்பைடு படலம் அது; அந்தப் படலத்தில் இருப்பதும் பதக்கத்தின் வெள்ளியே. தேய்த்து எடுக்கும் ஒவ்வொரு முறையும் வெள்ளியின் ஒரு மெல்லிய அடுக்கு போகிறது. முதலில் மன்னரின் தலைமுடிக் கோடுகள், பிறகு மூக்கு, பிறகு விளிம்பில் பொறித்த எண்ணும் பெயரும் மழுங்கும். பிராஸோ, பல் துலக்கும் பசை, பாத்திரம் தேய்க்கும் தூள் ஆகிய மூன்றிலும் அரைக்கும் துகள்கள் உள்ளன. புளியும் எலுமிச்சையும் அமிலம். கடைகளில் விற்கும் வெள்ளிக் கரைசலில் முக்கி எடுத்தால் பதக்கம் ஒரே நிமிடத்தில் வெளுக்கும். ஆனால் உயிரற்ற சாம்பல் நிறத்தில் நிற்கும், சில மாதங்களில் முன்னைவிட வேகமாகக் கறுக்கும். அலுமினியத் தாளும் சோடா உப்பும் வெந்நீரும் கொண்டு செய்யும் வீட்டு வைத்தியத்தையும் தவிர்ப்பது நல்லது. நகைக்கடையில் இயந்திரப் பாலிஷுக்குக் கொடுப்பது எல்லாவற்றிலும் கேடானது.

வெண்கலப் பதக்கத்தில் உள்ள பழுப்பு மேற்படலம் உலோகத்துக்குக் காப்பு. அதைப் பொன்னிறமாகத் துலக்கினால் காப்பையே உரித்து எடுத்ததாகும்.

மேலோட்டமான தூசியை மட்டும் மென்மையான, புதிய தூரிகையால் தட்டி எடுக்கலாம். எண்ணெய்ப்பிசுக்கு இருந்தால், ரிப்பனில் ஈரம் படாமல், காய்ச்சி வடித்த நீரில் தோய்த்துப் பிழிந்த பஞ்சால் ஒற்றி எடுத்து, உடனே உலர்த்தலாம். அதற்கு மேற்பட்ட வேலையை உலோகப் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவரிடம் விட வேண்டும். பெங்களூரில் குமார கிருபா சாலையிலுள்ள சித்ரகலா பரிஷத் வளாகத்தில், மரபுச் சின்னங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு கலைப்பொருள் பாதுகாப்பு மையம் ஒன்றைத் தொடங்கியது. மைசூருவில் மைய அரசின் வட்டாரப் பாதுகாப்பு ஆய்வகம் உள்ளது. விசாரணையை இவ்விடங்களிலிருந்து தொடங்கலாம்.

வெண்கலப் பதக்கத்தில் பச்சையாக ஏதோ பூத்திருக்கிறதே?

இரண்டு வகைப் பச்சை உண்டு. மெழுகுபோல வழவழப்பாக இருந்தால், அது பெரும்பாலும் தோல் உறையோ பி.வி.சி. பிளாஸ்டிக் உறையோ பட்டதால் வந்தது. மரப் பல்குச்சியால் மெல்ல நீக்கிவிடலாம். வெளிர்ப்பச்சைப் பொடியாக, துடைத்த இடத்திலேயே மீண்டும் மீண்டும் தோன்றினால் அது குளோரைடு உப்பால் வரும் அரிப்பு. ஈரப்பதம் இருக்கும்வரை அது உலோகத்தைத் தின்றுகொண்டே இருக்கும். அத்தகைய பதக்கத்தை மற்றவற்றிலிருந்து தனியே பிரித்து, உலர்ந்த இடத்தில் வைத்து, தாமதிக்காமல் வல்லுநரிடம் காட்டுங்கள்.

விளிம்பில் எழுத்துகள் உள்ளன. அவற்றை எப்படி வாசிப்பது?

முதல் உலகப்போர்க் காலப் பதக்கங்களின் விளிம்பில் பொதுவாக நான்கு செய்திகள் வரிசையாக இருக்கும்: படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு. நட்சத்திர வடிவப் பதக்கங்களில் இவை பின்புறத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். பதவி ஆங்கிலத்தில் சுருக்கமாக இருக்கும். எஸ்.பி.ஆர். என்றால் சாப்பர், அதாவது பொறியியல் படைவீரர். ஹவில்தார், ஜமேதார், சுபேதார் ஆகியவையும் இதே போலச் சுருங்கிக் காணப்படும். சமையற்காரர், தண்ணீர் சுமப்பவர், கோவேறு கழுதை ஓட்டுநர், பின்தொடரும் பணியாளர் ஆகியோருக்கும் பதக்கங்கள் தரப்பட்டன. தாத்தா 'வெறும் சமையற்காரர்' என்று தெரிந்ததும் சில பேரப்பிள்ளைகளின் முகம் சுருங்குவதைக் கண்டிருக்கிறேன். மெசபடோமியாவின் (இன்றைய ஈராக்) வெயிலில் ஒரு கம்பெனிக்கே சோறு வடித்தவர் அவர்.

பெங்களூருக் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய குறிப்பு '2 கியூ.வி.ஓ. எஸ். அண்டு எம்.' என்பது. இரண்டாம் குயின் விக்டோரியாஸ் ஓன் சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ் என்பதன் சுருக்கம் அது. மதராஸ் சாப்பர்களின் அக்காலப் பெயர். 1780இல் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் இரண்டு பயனியர் (படைக்குப் பாதை அமைப்போர்) கம்பெனிகளாகத் தொடங்கிய இப்படை, இன்று அல்சூர் ஏரியை ஒட்டி மதராஸ் எஞ்சினியர் குரூப் என்ற பெயரில் இயங்குகிறது. எண் 1 என்றிருந்தால் வங்காள சாப்பர்கள், 3 என்றிருந்தால் பம்பாய் சாப்பர்கள்.

61, 64, 81 ஆகிய எண்களோடு 'பயனியர்ஸ்' என்றிருந்தால், அவர் மதராஸ் பயனியர் படைகளைச் சேர்ந்தவர். இந்தியப் பயனியர் படைகள் 1933இல் கலைக்கப்பட்டுவிட்டதால், அந்தப் பெயரில் இன்று அலுவலகத்தைத் தேடினால் கிடைக்காது. பிரிகேட் ரோடும் ரெசிடென்சி ரோடும் சந்திக்கும் இடத்தில், போக்குவரத்து நெரிசலுக்கு நடுவே நிற்கும் பழைய நினைவுத்தூண் அவர்களுக்கானதுதான். அதன் கீழே சிக்னலுக்காக நிற்பவர்களில் எத்தனை பேர் அதை நிமிர்ந்து பார்த்திருப்பார்கள் என்பது ஐயமே.

பெயரை வாசிக்கும்போது பொறுமை தேவை. எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய ஆங்கில எழுத்துக்கூட்டல் என்பதால், ஒரே முனுசாமி மூன்று பதக்கங்களில் மூன்று விதமாக இருக்கலாம். தந்தை பெயரோ ஊர்ப் பெயரோ பெரும்பாலும் இராது. ஆகவே அடையாளத்துக்கு உறுதியான பிடி பெயர் அன்று, எண்தான்.

எந்தப் பதக்கம் எந்தப் போருக்கானது?

மிகுதியாகக் கிடைப்பது முதல் உலகப்போரின் இரட்டை. ஒன்று, 36 மில்லிமீட்டர் விட்டமுள்ள வெள்ளிப் பதக்கம். ஒரு புறம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர், மறுபுறம் குதிரைமேல் ஆடையற்ற வீரன், 1914, 1918 என்னும் ஆண்டுகள். மற்றொன்று, சிறகு விரித்த வெற்றித் தேவதையுள்ள வெண்கலப் பதக்கம். அதன் ரிப்பன் இரண்டு வானவில்களைச் சேர்த்துவைத்தது போலிருக்கும். இந்த வெண்கலப் பதக்கம் யாருக்கும் தனியாகத் தரப்படவில்லை. உங்கள் வீட்டில் அது மட்டும் இருந்தால், உடன் வந்த வெள்ளிப் பதக்கம் எப்போதோ அடகுக் கடைக்கோ உருக்குக் கொட்டிலுக்கோ போயிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். உறவினர் வீடுகளிலும் ஒருமுறை விசாரியுங்கள். மாமா வீட்டு பீரோவில் இருக்கக்கூடும்.

வெள்ளிப் பதக்கத்தின் அதே வடிவம் வெண்கலத்தில் கிடைத்தால் போலி என்று எண்ண வேண்டாம். சீன, இந்திய, மால்டா தொழிலாளர் படையினருக்கு ஏறத்தாழ 1,10,000 பதக்கங்கள் வெண்கலத்தில் வழங்கப்பட்டன. வெள்ளியில் வழங்கப்பட்டவை ஏறத்தாழ 65 லட்சம். எனவே வெண்கலமே அரிது.

இரு போர்களுக்கும் இடைப்பட்ட காலத்துக்கு 1908ஆம் ஆண்டின் இந்தியப் பொதுச்சேவைப் பதக்கம் உண்டு. அதன் ரிப்பன்மீது கிளாஸ்ப் எனப்படும் உலோகப் பட்டையில் இடமும் ஆண்டும் இருக்கும்: ஆப்கானிஸ்தான் வடமேற்கு எல்லை 1919, வஜிரிஸ்தான் 1919-21, மலபார் 1921-22 என்பன போல. மலபார்ப் பட்டை, அங்குள்ள மாப்பிளா முஸ்லிம்களின் கிளர்ச்சியின்போது அனுப்பப்பட்ட படையினருக்கானது. அதைப் பெருமையாகக் கொள்வதா சங்கடமாகக் கொள்வதா என்று சிலர் கேட்கிறார்கள். பட்டையைக் கழற்றிவிட்டால் சங்கடமும் போகாது, சான்றுதான் போகும்.

இரண்டாம் உலகப்போருக்கு மஞ்சள் உலோகத்தில் ஆறு முனை நட்சத்திரங்கள். ஆப்பிரிக்கா, இத்தாலி, பர்மா என்று போர்க்களத்தின் பெயர் நட்சத்திரத்தின் நடு வட்டத்திலேயே இருக்கும். ஆப்பிரிக்க நட்சத்திரத்தின் ரிப்பனில் பாலைவன மணலின் வெளிர்நிறத்தைக் காணலாம். பின்புறத்தில் இந்திய வரைபடம் இருந்தால் அது இந்திய சேவைப் பதக்கம். 1947க்குப் பின் விடுதலைப் பதக்கம், ஜம்மு காஷ்மீர்ப் பட்டையுள்ள பொதுச்சேவைப் பதக்கம், 1965இன் ரக்ஷா பதக்கமும் சமர் சேவா நட்சத்திரமும், 1971இன் பூர்வி, பஸ்சிமி நட்சத்திரங்களும் சங்கிராம் பதக்கமும் என வரிசை நீளும்.

எங்கள் தாத்தாவுடையது வீரப் பதக்கமா?

பெரும்பாலும் இல்லை. வீடுகளில் கிடைப்பவற்றில் மிகப் பல, ஒரு போரில் பணியாற்றிய அனைவருக்கும் தரப்பட்டவை. வீரச் செயலுக்கானவை வேறு: 1837இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்படுத்திய இந்தியன் ஆர்டர் ஆஃப் மெரிட், 1907இல் வந்த இந்தியன் டிஸ்டிங்க்விஷ்ட் சர்வீஸ் மெடல், 1911இல் இந்திய வீரர்களுக்கும் திறந்துவிடப்பட்ட விக்டோரியா கிராஸ் போன்றவை. 1944இல் இத்தாலியில், உடனிருந்தவர்களைக் காப்பதற்காகக் கண்ணிவெடியின்மீது தம் உடலைக் கிடத்தி உயிர்நீத்த மதராஸ் சாப்பர் சுபேதார் சுப்பிரமணியனுக்கு ஜார்ஜ் கிராஸ் வழங்கப்பட்டது. விடுதலைக்குப் பின் பரம்வீர் சக்கரம், மகாவீர் சக்கரம், வீர் சக்கரம் ஆகியவை 1950 ஜனவரி 26 அன்று நிறுவப்பட்டு, 1947 ஆகஸ்டு 15 முதல் செல்லும்படி அறிவிக்கப்பட்டன. இவற்றுள் ஏதேனும் இருப்பதாகத் தோன்றினால், யாரிடமும் விலை பேசுமுன் அரசிதழில் அறிவிப்பைத் தேடுங்கள்.

விளிம்பில் பெயரே இல்லை. போலியா?

இரண்டாம் உலகப்போரின் நட்சத்திரங்களும் பதக்கங்களும் பெயரின்றி ஏராளமாக வெளியிடப்பட்டதால், பெயர் இல்லாததே போலிக்குச் சான்று ஆகாது. முதல் உலகப்போரின் வெள்ளிப் பதக்கத்தில் பெயர் இல்லாவிட்டால்தான் ஐயப்பட வேண்டும். அதிலும் விட்டம் 36 மில்லிமீட்டருக்குக் குறைந்தோ, விளிம்பு ஓரிடத்தில் தட்டையாகவோ இருந்தால், பழைய பெயரை அராவி எடுத்திருக்கிறார்கள் என்று பொருள். நகைத்தொழிலாளர் பயன்படுத்தும் வெர்னியர் அளவியே இதற்குப் போதும்.

ஆயுத பூஜையன்று பதக்கங்களுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பது எங்கள் வழக்கம். தொடரலாமா?

வழக்கத்தை விட வேண்டியதில்லை. பொட்டை வேறிடத்தில் வைத்தால் போதும். குங்குமமும் மஞ்சளும் ரிப்பனில் பட்டால் கறை போகாது. ஈரச் சந்தனம் எழுத்துகளின் இடுக்கில் காய்ந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கும். விபூதி நுண்ணிய அரைப்பொடியாகவே வேலை செய்யும். ஒரு வீட்டில் பர்மா நட்சத்திரத்தின் நடு வட்டம் முழுவதும் பல ஆண்டுச் சந்தனம் கல்லாக இறுகி, 'பர்மா' என்ற எழுத்தே தெரியாமல் மூடிக்கிடந்ததைப் பார்த்தேன். பதக்கங்களைத் தாம்பாளத்தில் வைத்து, பொட்டைத் தாம்பாளத்தின் விளிம்புக்கோ தாத்தாவின் படத்தின் கண்ணாடிக்கோ வையுங்கள். கற்பூரப் புகை படாத தொலைவில் இருப்பதும் நல்லது.

கந்தலான ரிப்பனை மாற்றலாமா?

புது ரிப்பன் வாங்கி மாட்டலாம். பழையதைத் தூக்கி எறியக் கூடாது. பழைய ரிப்பனில் உள்ள தையலும் மடிப்பும், அவர் அதைச் சீருடையில் எப்படி அணிந்தார் என்பதற்குச் சான்று. துவைத்தால் சாயம் ஒன்றோடொன்று கலந்துவிடும். இஸ்திரி போட்டால் பட்டு பொசுங்கும். அமிலமற்ற தாளில் தட்டையாக விரித்து, எந்தப் பதக்கத்துடையது என்று உறைமேல் பென்சிலால் எழுதிவையுங்கள்.

எதில் வைத்துப் பாதுகாப்பது?

ரப்பர் பேண்டு, கம்பளித் துணி, செய்தித்தாள் ஆகியவை வெள்ளியைக் கறுக்கவைப்பவை. பழைய புகைப்பட ஆல்பங்களின் பி.வி.சி. உறைகள் காலப்போக்கில் பிசுபிசுத்து உலோகத்தை அரிக்கும். பாச்சை உருண்டையைப் பதக்கப் பெட்டியில் போடவே கூடாது. ஓக் போன்ற சில மரங்களில் செய்த பெட்டிகளிலிருந்து அமில ஆவி வரும் என்பதால், அழகான மரப்பெட்டியைவிட மூடி இறுக்கமான பாலிப்ரொப்பிலீன் டப்பாவே மேல். ஒவ்வொரு பதக்கத்தையும் அமிலமற்ற தாளிலோ பாலியெஸ்டர் உறையிலோ தனித்தனியாக வைத்து, டப்பாவுக்குள் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போடுங்கள். நிறம் மாறும் வகையானால் எப்போது உலர்த்த வேண்டும் என்பது கண்ணுக்கே தெரியும். பெங்களூரில் கோடைக்கும் மழைக்காலத்துக்கும் இடையே ஈரப்பதம் வெகுவாக மாறும். சன்னலோர பீரோவையும் குளியலறையை ஒட்டிய சுவரையும் தவிருங்கள்.

கூடத்தில் சட்டமிட்டு மாட்ட விரும்பினால், வெயில் நேரே படாத சுவராகப் பாருங்கள். ரிப்பனின் சாயம் வெளிச்சத்தில்தான் மங்குகிறது. அருங்காட்சியகங்களில் துணிப்பொருள்களுக்கு 50 லக்ஸ் அளவு ஒளியே போதுமென்று வைத்திருக்கிறார்கள். பதக்கத்தைப் பசையால் ஒட்டும் சட்டக் கடைக்காரரிடமிருந்து உடனே திரும்பி வந்துவிடுங்கள்.

அவர் எங்கே பணியாற்றினார் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுவதே முதற்படி. பட்டாளத்தார் அதை 'ரெக்கார்ட்ஸ்' என்பார்கள். சாப்பர்களுக்கு அது பெங்களூரிலேயே உள்ளது; மதராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரியிலுள்ள வெலிங்டனுக்கு எழுத வேண்டும். எண், பதவி, பெயர், விளிம்பின் புகைப்படம், உறவுமுறைச் சான்று ஆகியவற்றை இணையுங்கள். ஓய்வூதியம் பெறாமல் விலகியவர்களின் ஏடுகள் ஒரு காலவரம்புக்குப் பின் அழிக்கப்படுவதும் உண்டு என்பதால், 'இல்லை' என்று பதில் வந்தால் அதோடு தேடலை முடித்துவிட வேண்டாம்.

அவர் போரில் இறந்திருந்தால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் இலவசமாகத் தேடலாம். அதில் முதல் போருக்கு 1921 ஆகஸ்டு 31 வரையும், இரண்டாம் போருக்கு 1947 டிசம்பர் 31 வரையும் இறந்தோர் அடங்குவர். உயிருடன் திரும்பியவர்கள் அதில் இரார். வீரப் பதக்கங்களுக்கு, பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெசட்டின் பழைய இதழ்கள் இணையத்தில் உள்ளன. டெல்லியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகம் தன் கோப்புகளின் பட்டியலை 'அபிலேக் படல்' என்ற தளத்தில் வைத்திருக்கிறது. லண்டனில் கியூ பகுதியிலுள்ள பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இந்தியப் படையினர் எல்லோருடைய பதக்க அட்டைகளும் இல்லை. ஆனால் கம்பெனிகளின் போர் நாட்குறிப்புகள் உள்ளன. தனி மனிதரின் பெயர் அவற்றில் அரிதாகவே வரும் என்றாலும், அவருடைய கம்பெனி எந்த நாளில் எந்த ஆற்றில் பாலம் கட்டியது என்பது தெரிந்துவிடும்.

விற்கலாமா? வெளிநாட்டிலிருந்து ஒருவர் நல்ல விலை கேட்கிறார்.

1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டப்படி, நூறாண்டுக்குக் குறையாத வரலாற்றுப் பொருள்கள் தொல்பொருள்களாகும். அவற்றைத் தனியார் நாட்டை விட்டு ஏற்றுமதி செய்ய முடியாது. உள்நாட்டில் வணிகமாக விற்பவருக்கும் உரிமம் வேண்டும். முதல் உலகப்போர்ப் பதக்கங்கள் நூறு வயதைத் தாண்டிவிட்டன அல்லது தாண்டிக்கொண்டிருக்கின்றன. எனவே கூரியரில் போட்டு அனுப்பிவிடலாம் என்று எண்ணாதீர்கள். நூறாண்டுக்கு உட்பட்டதுதான் என்று நீங்கள் நம்பினாலும், இந்தியத் தொல்லியல் துறையிடம் அது தொல்பொருள் அன்று என்னும் சான்று பெற்ற பிறகே அனுப்புங்கள்.

உள்ளூர் நகைக்கடையில் எடைக்குப் போடுவது சட்டச் சிக்கலைவிடப் பெரிய இழப்பு. வெள்ளி விலை விண்ணைத் தொட்ட 1979, 1980 ஆண்டுகளில் உலகெங்கும் இந்தப் பதக்கங்கள் உருக்கப்பட்டன. ஒரே ஒரு மனிதரின் பெயர் பொறித்த உலோகத்துக்கு மாற்று கிடையாது.

அண்ணன் தம்பிகள் மூவர். ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்ளலாமா?

வீட்டுமனையைப் பிரிக்கலாம், பதக்க வரிசையைப் பிரிக்கக் கூடாது. பெயருள்ள ஒரு பதக்கமே பெயரில்லாத மற்ற நட்சத்திரங்களுக்கும் உரியவர் யார் என்று சொல்கிறது. பிரிந்த மறுநாளே அவை யாருடையவை என்று சொல்ல ஆளில்லாமல் போகும். ஒருவர் மூலத்தை வைத்துக்கொண்டு, மற்றவர்கள் தரமான புகைப்படங்களையும், பின்புறத்தில் நகல் என்று பொறித்த மாதிரிகளையும் வைத்துக்கொள்ளலாம். யார் பொறுப்பில் உள்ளது என்பதை ஒரு தாளில் எழுதி மூவரும் கையெழுத்திடுவது பின்னாளைய மனக்கசப்பைத் தவிர்க்கும்.

நினைவு நாளில் தாத்தாவின் பதக்கத்தை நான் அணியலாமா?

பதக்கம் பெற்றவர் இடப்பக்க மார்பில் அணிவார். வாரிசுகள் நினைவு நிகழ்ச்சிகளில் வலப்பக்கம் அணிவதே பிரிட்டனிலும் பல காமன்வெல்த் நாடுகளிலும் உள்ள மரபு. அதையே பின்பற்றுங்கள். தாமே படைவீரர் என்று பிறரை நம்பவைக்கும் நோக்கில் அணிவது குற்றமாகும்.

பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை. அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். மதராஸ் சாப்பர்களுக்குப் பெங்களூர் வளாகத்திலேயே அருங்காட்சியகம் உண்டு. பிற படைப்பிரிவுகளின் பயிற்சி மையங்களிலும் இத்தகைய சேகரிப்புகள் உள்ளன. ஆனால் கொடுத்ததெல்லாம் காட்சிக்கு வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பொதுவாகவே அருங்காட்சியகங்களின் உடைமைகளில் பெரும்பகுதி கிடங்கில்தான் இருக்கும். ஒப்படைக்குமுன் அது நன்கொடையா, திரும்பப் பெறக்கூடிய இரவலா என்பதை எழுத்தில் தெளிவாக்குங்கள். பதக்கத்தோடு ஒரு பக்கக் குறிப்பும் கொடுங்கள்: பெயர், எண், ஊர், பிறந்த ஆண்டு, பணியாற்றிய இடங்கள், ஓய்வுக்குப் பின் செய்த தொழில், கொடுப்பவருக்கு என்ன உறவு என்பவை அதில் இருக்கட்டும். டிஸ்சார்ஜ் புத்தகத்தின் மூலத்தையும் சேர்த்தே ஒப்படைத்து, வரிசை எண்ணுடன் கூடிய ஏற்பு ரசீது ஒன்றை அன்றே வாங்கிக்கொள்ளுங்கள்.